மூழ்கியதும் மூழ்கடித்ததும்

லூகன்வில் ஊரின் பெரிய தெருவில் நடக்கும் எவருக்கும் ஒரு கேள்வி வரும். இத்தனூண்டு ஊருக்கு இவ்வளவு அகலமான சாலை எதற்கு? இரண்டு பக்கமும் சீனர்கள் நடத்தும் சாமான் கடைகள், ஒரு வங்கி, ஒரு ரொட்டிக்கடை, கிழங்கும் வாழைத்தாரும் குவித்து வைத்திருக்கும் சந்தை, அவ்வளவுதான் ஊர். எதிரும் புதிருமாக நாலு வண்டி சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் அதுவே நெரிசல். சாலையோ நான்கு ராணுவ லாரிகள் பக்கம் பக்கமாக ஓடும் கணக்கில் போட்டது. போட்டவர்கள் அமெரிக்கப் படையினர்.

தென் பசிபிக்கில் வனுவாட்டு நாட்டின் மிகப் பெரிய தீவு எஸ்பிரித்து சாண்டோ. எல்லோரும் சாண்டோ என்றே சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் குவாடல்கனால் தீவில் ஜப்பானியரோடு சண்டை நடந்தபோது, அதற்குப் பின்வாசலாக இருந்தது இந்தத் தீவுதான். தென்னந்தோப்புகளுக்கு நடுவில் விமான தளங்கள், மருத்துவமனைகள், கப்பல் பழுதுபார்க்கும் துறைகள் எல்லாம் மாதக்கணக்கில் முளைத்தன. இப்போது உள்நாட்டு விமானங்கள் இறங்கும் பெக்கோவா நிலையம்கூட அன்றைய போர்க்காலத்து விமான தளம்தான். ஜேம்ஸ் மிச்சனர் கடற்படை அதிகாரியாக இங்கே இருந்துவிட்டுப் போய் எழுதிய கதைகளுக்கு 1948-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. படைகள் வந்த வேகத்திலேயே போயும்விட்டன. விட்டுப்போனவற்றில் பாதி கரையில் இருக்கிறது, பாதி தண்ணீருக்குள் இருக்கிறது.

2019-ல் நாங்கள் அங்கே போனது இதையெல்லாம் தெரிந்துகொண்டு அல்ல. பிரிஸ்பேனிலிருந்து ஒரு பருவம் முழுக்கப் படகில் சுற்றுவது என்று கிளம்பியிருந்தோம். நான், கணவர், பதினேழு வயது மகள், அவளைவிட ஆறு வயது இளைய மகன். பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் ஒற்றைப் பாய்மரப் படகு. என் அப்பா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக இருந்தவர், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணியில் சரக்கு ஏற்றிப் போனவர். என்னை ஒருநாளும் தோணியில் ஏற்றியதில்லை. அந்தக் குறையை நான் நாற்பது வயதுக்கு மேல் தீர்த்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை அந்தக் கடலில் தென்கிழக்குக் காற்று நிலையாக அடிக்கும். நவம்பர் பிறந்தால் புயல் காலம். அதற்குள் பாய்மரப் படகுகள் எல்லாம் ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஃபிஜியிலிருந்து அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போர்ட் விலாவுக்கு வந்தோம். அங்கிருந்து வடக்கே மாலெகுலா. மாலெகுலாவிலிருந்து சாண்டோ வரும் வழியில்தான் எஞ்சினுக்குக் கடல்நீரை இழுத்துக் கொடுக்கும் பம்பின் தாங்குதகடு விரிசல் விட்டது. இரண்டொரு நாள் தங்கித் தண்ணீரும் காய்கறியும் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது வாரக்கணக்காக நீண்டதற்குக் காரணம் அந்தத் தகடு.

லூகன்வில் ஊருக்கு நேர் எதிரே ஆவோரே தீவு. நடுவில் செகாண்ட் கால்வாய். ஊர்ப்பக்கம் நங்கூரம் போட்டால் காற்று படகைக் கரையை நோக்கித் தள்ளும். அடியிலும் பாறையும் பழைய இரும்புமாகக் கிடப்பதால் பிடிமானம் சரியில்லை. ஆகவே படகுக்காரர்கள் ஆவோரே பக்கம் மிதவைகளில் கட்டிக்கொண்டு, ஊருக்குச் சின்னப் படகில் வந்துபோவார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். கால்வாயில் நீரோட்டம் பலமாக இருக்கும். காலையில் போகும்போது ஒரு பக்கம் இழுக்கும், திரும்பும்போது மறுபக்கம் இழுக்கும்.

பக்கத்து மிதவையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கூலிட்ஜைப் பார்த்துவிட்டீர்களா?" என்பதுதான். பெயர் தெரியாத நாங்கள் அசடு வழிய நின்றோம்.

'பிரெசிடென்ட் கூலிட்ஜ்' 1931-ல் கடலுக்கு வந்த உல்லாசக் கப்பல். ஏறக்குறைய இருநூறு மீட்டர் நீளம். இரண்டு நீச்சல் குளம், சிகை அலங்கார நிலையம், உடற்பயிற்சிக் கூடம், அறைக்கு அறை தொலைபேசி என்று அந்தக் காலத்துப் பணக்காரர்கள் பசிபிக்கைக் கடக்கும் வசதியோடு கட்டியது. போர் வந்ததும் உள்ளே இருந்த அலங்காரத்தைப் பலகை அடித்து மறைத்துவிட்டு, படை ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். 1942 அக்டோபர் 26 காலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு அது செகாண்ட் கால்வாய்க்குள் நுழைந்தது.

கால்வாயின் வாயில் கண்ணி வெடிகளைப் போட்டு வைத்திருந்தது அமெரிக்கக் கடற்படையேதான், ஜப்பானிய நீர்மூழ்கிகளுக்கு எதிராக. எந்த வழியாக வந்தால் ஆபத்தில்லை என்ற குறிப்பு அந்தக் கப்பலின் கைக்குப் போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து எச்சரித்தபோது காலம் கடந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு வெடி. கப்பல் தலைவர் ஹென்றி நெல்சன் இனிக் கப்பலைக் காப்பாற்ற முடியாது என்று கண்டுகொண்டு, சுக்கானைத் திருப்பிக் கரையோரத் திட்டின் மீது கப்பலை ஏற்றினார். மூட்டை முடிச்சு, துப்பாக்கி, எதையும் எடுக்காமல் இறங்குங்கள் என்று உத்தரவு. கப்பல்தான் தரைதட்டி நிற்கிறதே, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் ஒருக்களித்து, திட்டிலிருந்து வழுக்கி, ஆழத்துக்குள் போய்விட்டது. அதற்குள் 5,340 பேர் கரையேறியிருந்தார்கள். இறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ராபர்ட் ரீட், முதல் வெடியிலேயே எஞ்சின் பகுதியில் இறந்துபோனார். இன்னொருவர் எல்வுட் யூவார்ட் என்ற பீரங்கிப் படைக் கேப்டன். பத்திரமாக வெளியே வந்தவர், மருத்துவ அறையில் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு மறுபடி உள்ளே போனார். அவர்களை ஏற்றிவிட்டார், தன்னால் வரமுடியவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட அன்று இரவே மகள் முடிவு செய்துவிட்டாள். அவளும் நானும் ஸ்கூபா பயிற்சி முடித்து அதற்கான சான்றிதழ் வைத்திருந்தோம். கணவருக்குக் காது ஒத்துழைக்காது; பத்தடி இறங்கினாலே வலி பின்னும். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் பம்பைப் பாக்கேன்," என்றார். "அப்ப நான்?" என்றான் மகன். அவனுக்கு வேறு ஓர் இடம் இருப்பதாகப் பக்கத்துப் படகுக்காரர் சொல்லியிருந்தார்.

கூலிட்ஜுக்குப் படகில் போகத் தேவையில்லை. கரையில் மரநிழலில் வண்டியை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, நொறுங்கிய பவளக் கற்களின் மேல் தட்டுத்தடுமாறிக் கடலுக்குள் நடக்க வேண்டும். அதற்கு முன் வழிகாட்டி ஒரு பலகையில் கப்பலை வரைந்து காட்டினார். உள்ளூர்க்காரர், சிறு வயதிலிருந்து இதே கப்பலில் இறங்குபவர். எங்கே நுழைவோம், எங்கே திரும்புவோம், எத்தனை நிமிடம் என்று விரலாலேயே ஒருமுறை போய்வந்தார். பிறகு எங்களைச் சொல்லச் சொன்னார். மகள் சரியாகச் சொன்னாள். நான் ஓர் இடத்தில் தயங்கியதும் பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து வரைந்தார்.

கரையிலிருந்து ஒரு கயிறு ஆழத்துக்குள் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். இருபது மீட்டரில் முன்பகுதி தெரிந்தது. அங்கிருந்து கப்பல் சரிந்துகொண்டே போய்ப் பின்பகுதி எழுபது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அவ்வளவு தூரம் எங்களைப் போன்றவர்கள் போகமுடியாது. வயிறு பெருத்த எருமை ஒருக்களித்துப் படுத்ததைப் போல் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது கப்பல். சாய்ந்ததால் உள்ளே எல்லாமே தொண்ணூறு பாகை திரும்பியிருக்கிறது. தளம் சுவராக நிற்கிறது. சுவர் கூரையாகிவிட்டது. கழிப்பறைப் பீங்கான்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கின்றன. எது மேல், எது கீழ் என்று மூளை குழம்பும். நம் வாயிலிருந்து கிளம்பும் குமிழ்கள் போகும் திசைதான் மேல் என்று வழிகாட்டி முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

முன்னாலிருந்த சரக்கு அறையில் ஜீப்புகளும் லாரிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒரு லாரியின் ஸ்டியரிங் சக்கரம் மட்டும் துருவுக்குள்ளிருந்து முழு வட்டமாக எழுந்து நின்றது. டயர்களில் ரப்பர் இன்னும் கரையவில்லை. உலாவும் தளத்தில் இரும்புத் தொப்பிகள், துப்பாக்கிகள், முகமூடிகள். ஒரு சப்பாத்தை அருகில் போய்ப் பார்த்தேன். தோல் பாதி போயிருந்தது. அடிப்பாகமும், கயிறு கோக்கும் பித்தளை ஓட்டைகளும் வரிசை கலையாமல் இருந்தன. உள்ளே ஒரு சின்ன நண்டு குடியிருந்தது. அந்தச் சப்பாத்துக்குரியவர் அன்று வெறுங்காலோடு கரையேறியிருப்பார். உயிரோடு போய், கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்திருக்கவும்கூடும். கூலிட்ஜுக்குள் கிடக்கும் பொருட்களில் பெரும்பாலானவை பிழைத்தவர்களுடையவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டி, 'சீமாட்டி' என்று எல்லோரும் சொல்லும் சிற்பத்தைப் பார்க்கப் போனோம். ஏறத்தாழ நாற்பது மீட்டர். அந்த ஆழத்தில் நைட்ரஜன் தலைக்கேறும். எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. வழிகாட்டி என் கண்ணுக்கு முன் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சரியாகக் காட்டிய பிறகே உள்ளே கூட்டிப்போனார். இருட்டுக்குள் விளக்கடித்தால், சுவரில் பழைய ஐரோப்பிய உடையில் ஒரு பெண். அருகே ஒற்றைக்கொம்புக் குதிரை. பீங்கானில் செய்து வண்ணம் தீட்டிய சிற்பம். முதல் வகுப்புப் பயணிகள் சுருட்டுப் புகைக்கும் அறையில் கணப்புக்கு மேலே இருந்தது. பின்னாளில் ஒரு நிலநடுக்கத்தில் அது கழன்று விழுந்தபோது, ஆலன் பவர் என்பவர் எடுத்து உணவுக்கூடத்தில் பத்திரமாக நிறுத்தினார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1969-ல் வந்து, இந்தக் கப்பலே கதி என்று இங்கேயே தங்கிவிட்டவர். ஆயிரக்கணக்கான தடவை இதற்குள் இறங்கியவர். நாங்கள் போவதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார்.

அவர் விட்டுப்போன இன்னொன்றையும் பார்த்தோம். ஆழத்திலிருந்து நேராக மேலே வந்துவிட முடியாது. உடம்பில் ஏறிய நைட்ரஜன் மெதுவாக வெளியேற, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த இடங்களில் நின்று நின்று வரவேண்டும். காத்திருக்கும் இடத்தில் கயிற்றில் உதிரி சிலிண்டர் கட்டித் தொங்கும். சும்மா நிற்கும் அந்த நேரத்தில் பவர் பவளங்களை எடுத்து வந்து ஊன்றி ஊன்றி ஒரு தோட்டமே போட்டிருக்கிறார். மகள் தன் கணினிக் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோமாளி மீன்களோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கப்பலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று வனுவாட்டு அரசு 1983-ல் தடை போட்டது. விடுதலை பெற்று அப்போது மூன்றே ஆண்டு. அதற்கு முன்பே எண்ணெயை இறைத்தார்கள், விலைபோகும் உலோகங்களையும் கழற்றினார்கள். மிஞ்சியது மிஞ்சட்டும் என்று புதிய அரசு சொல்லிவிட்டது. கரையில் யூவார்ட்டுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 2012-ல் கப்பலுக்குள் அவருடைய எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். 2016-ல் அவருடைய சொந்த மாநிலமான ரோட் ஐலண்டில் அடக்கம் நடந்தது. எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் ஆளைத் தேடி எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மகனுக்கான இடம் அதே கரையில் சற்றுக் கிழக்கே இருந்தது. பெயர் 'மில்லியன் டாலர் முனை'. நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. நாங்கள் போனபோது பூப்போட்ட தொளதொள அங்கி அணிந்த ஒரு மூதாட்டி மர மேசையில் உட்கார்ந்து வனுவாட்டுப் பணமான வட்டு நோட்டுகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். மணலில் கால் வைத்த இடத்திலேயே துருப்பிடித்த அச்சாணி, பற்சக்கரம், எஞ்சின் பாளங்கள். இங்கே சிலிண்டர் வேண்டாம். முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போதும். மகன் குப்புற மிதந்தபடி, தலையைத் தூக்கித் தூக்கிக் கத்தினான். "அம்மா, புல்டோசர்! அங்க பாரு, கிரேன்! இது முழு லாரி!" ஆழம் போகப் போக இன்னும் அதிகம். கோக்கோகோலா பாட்டில்கள்கூட மணலில் புதைந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

இவை எந்தக் கப்பலோடும் மூழ்கியவை அல்ல. போர் முடிந்ததும் தீவில் குவிந்து கிடந்த வண்டிகளையும் இயந்திரங்களையும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டாது. அனுப்பினாலும் பழைய இயந்திரங்கள் சந்தையில் வந்து குவிவதை அங்குள்ள உற்பத்தியாளர்கள் விரும்பவில்லை. இங்கேயே மிகக் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்றது ராணுவம். அப்போது இந்தத் தீவுகளை பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. இரண்டு நிர்வாகம், இரண்டு போலீஸ், இரண்டு சிறை என்று ஒரு விசித்திர ஆட்சி. எப்படியும் விட்டுவிட்டுத்தானே போகப்போகிறார்கள், ஓசியில் கிடைக்கும்போது காசு எதற்கு என்று அந்த ஆட்சியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அமெரிக்கர்கள் கடலுக்குள் ஒரு சாய்தளம் கட்டினார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை வரிசையாக ஓட்டிவந்து தள்ளினார்கள். மில்லியன் கணக்கில் டாலர் பெறும் என்பதால் இந்தப் பெயர்.

மேசைக்காரப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். உள்ளூர் பிஸ்லாமா மொழி எனக்கு அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. அவருடைய அப்பா அமெரிக்கர்களிடம் துறைமுகக் கூலியாக இருந்தவராம். தோட்டக்கார துரைமார் கொடுத்ததைவிட நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு. கறுப்பினத்தவர்கள் சீருடை போட்டு லாரி ஓட்டுவதை அங்கேதான் அவர் முதலில் பார்த்தாராம். "அந்த லாரிகளைத்தான் கடைசியில் தண்ணீரில் தள்ளினார்கள். டிரைவர் கடைசி நேரத்தில் குதிப்பானாம். அப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம்."

"ஒரு வண்டியாவது கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லையா?"

"கேட்டிருப்பார்கள்," என்றார். "எங்களுக்குக் கொடுத்தால் வெள்ளைக்காரத் துரைகள் காசு கொடுத்து வாங்குவார்களா?" என்று சிரித்தார். நான் புத்தகங்களில் தேடினாலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மகன் தலையைத் துவட்டியபடியே கேட்டான். "இப்ப அவங்கதான காசு வாங்குறாங்க? அப்ப கடைசியில அவங்களுக்கே கிடைச்சிருச்சு." அவன் கணக்கு அவனுக்கு. மகள் விடவில்லை. "ஏலே, ஒரு புல்டோசர் இருந்திருந்தா எத்தன ஊருக்கு ரோடு போட்டிருக்கலாம்? டிக்கெட் வித்து அத ஈடு கட்ட முடியுமா?" படகுக்குத் திரும்பும் வரை இந்தச் சண்டை ஓயவில்லை.

பம்பின் தாங்குதகடு கடைசியில் ஊருக்குள் ஒரு வெல்டிங் பட்டறையில் சரியானது. புதிதாக வரவழைக்க வேண்டுமென்றால் சிட்னியிலிருந்து வரவேண்டும். பட்டறையே போர்க்காலத்து அரைவட்டத் தகரக் கொட்டகை. பக்கத்து வீட்டு வேலி, விமான ஓடுதளத்தில் விரிக்கும் ஓட்டை போட்ட எஃகுப் பலகைகள். பட்டறைக்காரர் உடைந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் கிடந்த இரும்புக் குவியலைக் கிளறி, தடித்த ஒரு துண்டை எடுத்துச் சுத்தியலால் தட்டினார். சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். "அமெரிக்கா இரும்பு," என்றார். "கரையில் தப்பியது." அறுத்து, துளையிட்டு, ராவி, உடைந்ததன் மேல் வைத்துப் பார்த்தார். ஒரு துளை மயிரிழை விலகியிருந்தது. கணவர் பரவாயில்லை என்றார். பட்டறைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, அந்தத் துளையை வெல்டிங்கால் அடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

படகில் வாழ்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். ஆணி, கயிற்றுத் துண்டு, தகர மூடி, எதையும் எறிய மனசு வராது. அடுத்த துறைமுகம் எத்தனை நாள் தள்ளியோ. அந்தக் கண்ணோடு பார்த்ததால்தானோ என்னவோ, மில்லியன் டாலர் முனை எனக்குக் கூலிட்ஜைவிடப் பெரிய சேதமாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே ராணுவம் செய்தவை. 1942-ல் அந்த ராணுவம் பொருள் போனால் போகட்டும், ஆள் வரட்டும் என்றது. ஐயாயிரம் பேர் பிழைத்தார்கள். போர் முடிந்த பிறகு, பொருள் போனாலும் போகட்டும், இன்னொருவன் கைக்குச் சும்மா போகக் கூடாது என்றது. ஆண்டுகொண்டிருந்த இரண்டு அரசுகளும் இலவசத்துக்குக் காத்திருந்து கோட்டைவிட்டன. கரையில் நின்று பார்த்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே சாண்டோவுக்குப் போகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். கூலிட்ஜை நீங்கள் எப்படியும் பார்ப்பீர்கள். உலகமே அதற்காகத்தான் அங்கே போகிறது. பிறகு மில்லியன் டாலர் முனைக்கும் போங்கள். அந்த மேசையில் கேட்கும் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.